மெதுவாகப் பாடச் சொல்கிறார்கள், மச்சாள்

இந்தத் தாள்கள் யார் கையிலாவது கிடைத்தால், தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். வாசித்தே ஆக வேண்டும் என்றால் வாசித்துவிட்டு அடுப்பில் போடுங்கள். எங்கள் அப்பாவுக்குக் காட்டாதீர்கள். பாட்டுக்குழு மாஸ்டருக்குக் காட்டாதீர்கள். நாளைக்குக் கொழும்பிலிருந்து வரப்போகிற அந்தப் பத்திரிகைக்காரருக்கு எந்தக் காரணத்துக்காகவும் காட்டாதீர்கள். அவர் இதையும் எடுத்து, இதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதிவிடுவார். இதற்குள் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. கோபம்தான் இருக்கிறது. அதுவும் ஒளியாமல் வெளியிலேயே நிற்கிறது.

மச்சாள், உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

அறைக்குள் நுளம்புத்திரி எரிகிறது. நீங்கள் போன பிறகு, இனி யாரையும் எதுவும் கடிக்கக்கூடாது என்று, அம்மா ஒவ்வோர் அறையிலும் ஒன்று கொளுத்தி வைக்கிறார். என் கட்டிலுக்குக் கீழே கட்டாயம் வைக்கிறார். புகை நேராக முகத்துக்கு வருகிறது. கண் எரிந்து தண்ணீர் வடிகிறது. இப்போது யாராவது உள்ளே வந்து பார்த்தால், உங்களை நினைத்து அழுகிறேன் என்று சொல்லிவிடுவார்கள். இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளையின் கண்ணில் தண்ணீர் வந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கலாம். நுளம்புத்திரியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நாளைக்கு நீங்கள் செத்து முப்பத்தோராம் நாள். காலையில் பூசை. பிறகு மண்டபத்தில் கூட்டம், சாப்பாடு. கூட்டத்தில் நான் பாட வேண்டும். உங்களுடைய பாட்டைத்தான் பாட வேண்டும், “எனக்கு நான் வடிவு”. ஆனால் மெதுவாகப் பாட வேண்டுமாம். ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாட வேண்டுமாம். கைதட்டு வேண்டாமாம். பின்னால் வயலின் மட்டும் இருக்குமாம்.

உங்களுக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். எனக்கு வரவில்லை.

மச்சாள், உங்கள் குரல் முதலில் உங்களுடையதாக இருக்கவில்லை. பொதுக்கிணறு மாதிரி ஊருக்குச் சொந்தமாக இருந்தது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் வாளியோடு வந்து நிற்பார்கள். நான் சின்னப் பிள்ளையாக உங்கள் வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு இரண்டு பெண்கள் வருவார்கள். உங்கள் அம்மா, என் மாமியிடம், “பிள்ளையை ஒருக்கா அனுப்புங்கோ. அவள் ஒப்பாரி படிச்சாத்தான் சனம் அழும்” என்பார்கள். நீங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் போவீர்கள். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் மாதாவின் புலம்பலும் நீங்கள்தான். கடலில் போன ஆளின் உடல் மூன்றாம் நாள் கரைக்கு வந்தபோதும் நீங்கள்தான். நீங்கள் முதல் வரியை எடுத்தால், செத்தவரோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்தவன்கூட மூக்கைச் சிந்துவான்.

திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும். குசினிக்குள் வந்து, சிரட்டையால் தண்ணீரை அள்ளிக் குடிப்பீர்கள். ஒருநாள் என்னிடம் சொன்னீர்கள்: “எல்லாரும் அழுது முடிச்சு லேசாப் போறாங்கள். நான் தொண்டை நோவோட வாறன். உயிரோட இருக்கிற ஒருத்தராவது வந்து, பிள்ளை, எனக்கொரு பாட்டுப் படி எண்டு கேக்கிறாங்களா, பார்.”

சம்மாட்டியின் தாய் செத்த அன்று நீங்கள் போகவில்லை. ஊரில் பாதி வள்ளங்கள் அந்தச் சம்மாட்டியுடையவை. அப்பா ஓடுகிற வள்ளமும் அவருடையதுதான். அவருடைய வீட்டிலிருந்து ஆட்டோவே அனுப்பியிருந்தார்கள். நீங்கள் வாசலில் நின்று, “எனக்கு ஏலாது” என்றீர்கள். சுகமில்லையா என்று கேட்டார்கள். “நல்ல சுகம். இனி நான் செத்த வீட்டில படிக்கிறேல்லை” என்றீர்கள். அப்பா ஓடிவந்து கத்தினார். “உன்ட அந்தக் குரல் கர்த்தர் தந்தது, கழுதை! ஊருக்குத் தந்தது!” நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: “கர்த்தர் தந்தா என்ட தொண்டையிலதானே மாமா தந்தவர். ஊரின்ட தொண்டையில தந்திருக்கலாமே.”

நான் மாமியின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப் பதில் சொல்லலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் பாட்டுகள். பகலில் சந்தியில் முஸ்லிம் நானாவின் போன் கடையில் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று வரி சேர்ப்பது. உங்கள் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பற்றியே ஒரு பாட்டுச் செய்தீர்கள். “முன்பல்லு ரெண்டும் கோவம், தள்ளித் தள்ளி நிக்குது, நடுவால காத்து வரட்டும், எனக்கதுவும் பிடிச்சிருக்கு.” இரவு கட்டிலில் கிடந்து சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. எனக்கும் என் காதுகள் பெரிது. அதைப் பற்றி ஒரு வரி போடச் சொல்லிக் கேட்டேன். “உன்ட காதுக்கு நீயே படி. நான் என்ட பல்லைத்தான் படிப்பன்” என்றீர்கள்.

சிலாபத்துக்கு பஸ்ஸில் போனோம். கலியாண வீடுகளில் கீபோட் அடிக்கிற அந்தச் சிங்களப் பையனின் வீட்டில்தான் பதிவு. அறைச்சுவர் முழுவதும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தான். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டான். உள்ளே போனால் பாண் சுடுகிற போறணைக்குள் போன மாதிரி இருந்தது. எல்லோரையும் ஆடவைக்கிற பைலாத் தாளத்தில்தான் வேண்டும் என்று நீங்கள் கேட்டதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும் என்றாலும் உங்கள் பல்லுப் பாட்டுக்குச் சரியான இடத்தில் சிரித்தான். கைதட்டுக்கு மட்டும் வழியில்லை. கம்பியூட்டரில் இருந்த கைதட்டு விறகு முறிகிற மாதிரிக் கேட்டது. நீங்கள் என்னைப் பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினீர்கள். “நங்கி, தங்கச்சி, தட்டு! பயம் வேணாம், தட்டு!” என்று அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தலையை ஆட்டினான். உள்ளங்கை சிவக்கும் வரை தட்டினேன். “எனக்கு நான் வடிவு” பாட்டு உங்கள் குரலில் தொடங்குவதில்லை. என் கைதட்டில்தான் தொடங்குகிறது. அந்தக் கைகள் என்னுடையவை. பாட்டுகளைப் போட்ட இறுவட்டின் மட்டையில் என் பெயர் இல்லை, நான்தான் போட வேண்டாம் என்றேன், அப்பாவுக்குப் பயந்து. ஆனால் கைகள் என்னுடையவை.

பாட்டு முடிகிற நேரத்தில் தெருவில் பாண்கார ஆட்டோ அதன் சங்கீதத்தோடு போனது. எல்லாம் பதிவாகிவிட்டது. இன்னொரு முறை பாடுவோமா என்று அவன் கேட்டான். உங்களுக்குப் பசி. “கிடக்கட்டும் விடுங்க” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஆட்டோவை மறித்து மீன் வைத்த மாலு பாண் வாங்கிவந்தீர்கள். மூவரும் கை நிறைய எண்ணெயோடு பதிவைக் கேட்டோம். பாண்காரனின் சத்தம் வந்ததும் மூவருக்கும் சிரிப்பு. அதை அப்படியே விட்டுவிட்டோம். அவ்வளவுதான் அதன் கதை. அந்தப் பாண்காரனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவான்.

இறுவட்டு வந்தபோது ஊர் முதலில் வாயை மூடிக்கொண்டிருந்தது. பிறகு திறந்தது. “செத்த வீட்டுக்கு வர மாட்டாவாம், கண்ணாடிக்கு முன்னால ஆடுவாவாம்.” “தன்னைத் தானே வடிவெண்டு சொல்லுற பொம்பிளையை இப்பதான் காணுறன்.” அதெல்லாம் தண்ணீர்க் குழாயடிக் கதை. உங்கள் காதில் அது ஏறவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அந்தக் கொழும்புக்காரரின் விமர்சனம் வந்தது. நானாவின் கடையில்தான் வாசித்தோம். இந்த மண்ணில் இன்னும் கண்ணீர் காயவில்லை, இந்தப் பெண்ணோ கண்ணாடிக்கு முன் நின்று தன் பல்லைப் பாடுகிறாள் என்று எழுதியிருந்தார். ஒப்பாரிக்கென்றே பிறந்த ஒரு குரல் பைலாவில் வீணாகிவிட்டதாம். கடைசி வரியைத் தனியாகத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: “குரல் உண்டு, வலி இல்லை.”

நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசித்து முடித்துவிட்டு, “பல்லு வலி எண்டாலும் இருக்கெண்டு எழுதியிருக்கலாம்” என்றீர்கள். நானாதான் கொதித்தார். யுத்த காலத்தில், சின்ன வயதில், குடும்பத்தோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு இந்தப் பக்கம் வந்தவர் அவர். பேப்பரை மேசையில் அடித்து, “வலி இல்லையாம்! வலி வேணுமெண்டா அந்த மனுசன என்ட கடைக்கு வரச் சொல்லுங்க புள்ள. எங்களுட்ட நெறையக் கெடக்கு, சும்மாவே குடுப்பன். பாட்டுக்குத்தான் சல்லி” என்றார். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு அந்த வரி உங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. மாமி கறிக்கு உப்புப் போட மறந்தால், “கறி உண்டு, உப்பு இல்லை.” பஸ் வராவிட்டால், “றோட்டு உண்டு, பஸ் இல்லை.”

வானொலியில் கூப்பிட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போகாமல், வயிற்றுவலி என்று படுத்திருந்து கேட்டேன். அறிவிப்பாளர் தேன் தடவிய குரலில், “இந்தப் பாடல்களுக்குப் பின்னால் ஏதாவது வலி இருக்கிறதா?” என்று கேட்டார். “பின்னால ஒரு கீபோட் பொடியன் இருக்கிறான்” என்றீர்கள். அவர் விடவில்லை. யுத்தத்தில் எதை இழந்தீர்கள் என்றார். நீங்கள் சொன்னீர்கள்: “எங்கட பக்கம் கடலுக்குப் போறதுக்கு நேவியிட்ட பாஸ் எடுக்கவேணும். அப்பா பாஸுக்கு வெயிலில வரிசையில நிண்டிருக்கிறார். எங்களவிட எவ்வளவோ பட்ட சனம் பக்கத்திலயே இருக்கு. அதெல்லாம் எனக்குத் தெரியும். அதுக்காக நான் என்ட மூஞ்சியைப் பாக்கக்கூடாதா?” உடனே விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

மச்சாள், விமர்சனம் செய்ததற்காக எனக்குக் கோபமில்லை. இதை நாளைக்கு அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வராது என்பதால் இங்கே எழுதுகிறேன். கடற்கரை வாடியில் கருவாடு புரட்டுகிற பெண்கள் உங்கள் பாட்டைப் போனில் போட்டு, போனை வாளிக்குள் வைத்து, சத்தம் பெரிதாக வரச்செய்து கேட்டார்கள். அவர்களில் ஒருவர் உங்களை நிறுத்தி, “ரெண்டாவது பாட்டு நல்லம் பிள்ளை. மூண்டாவது கதைக்கிற மாதிரிக் கிடக்கு, பாட்டு மாதிரி இல்லை” என்றார். நீங்கள் வீடு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தீர்கள். எனக்கு நாலாவது பாட்டுப் பிடிக்கவில்லை. உங்கள் குரலை அந்தப் பையன் கம்பியூட்டரில் போட்டு நசுக்கி, தகரத்துக்குள் விழுந்த பூனை மாதிரி ஆக்கியிருந்தான். சொன்னேன். “ஓம், எனக்கும் பிடிக்கேல்லை. அடுத்ததில பூனை இல்லை” என்றீர்கள். அதுவும் விமர்சனம்தான். பாட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னது. அவர் கேட்கவில்லை. அவர் உங்களிடம் வேறொரு பாட்டை எதிர்பார்த்து வந்து, அது இல்லாததால் கோபித்துக்கொண்டு போனார். செத்த வீட்டுக்குக் கூப்பிட வந்த அந்தப் பெண்களைப் போலத்தான் அவரும். வாளி மட்டும் கொழும்பு வாளி.

அடுத்தது வரவில்லை. மழை தொடங்கியதும் காய்ச்சல் வந்தது. சும்மா சளித் தடிமன் என்று நினைத்தீர்கள். கடைக்குக்கூடப் போனீர்கள். புத்தளம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது டெங்கு என்றார்கள். மாமி பப்பாசி இலையை இடித்துச் சாறெடுத்துப் போத்தலில் கொண்டுவந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, “இதைக் குடிக்கிறதுக்கு அந்த மனுசன் எழுதினதை இன்னொருக்கா வாசிக்கலாம்” என்றீர்கள். பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் சிரிப்பு. அதுதான் என்னோடு நீங்கள் கதைத்த கடைசிக் கதை. மறுநாள் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டார்கள். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அம்மா வந்து வாசலில் நின்றார்.

மீன் ஏலம் போடுகிற கொட்டிலுக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர்க் கான் அடைத்துக் கிடக்கிறது. உடைந்த ரெஜிபோம் ஐஸ் பெட்டிகள், தகர டின்கள், எல்லாவற்றிலும் தண்ணீர். உங்களைக் கடித்த நுளம்பு அங்கேதான் பிறந்திருக்கும். ஆனால் செத்த வீட்டிலேயே வேறு கதை தொடங்கிவிட்டது. “பேப்பரில எழுதினதுக்குப் பிறகு பிள்ளை உள்ளுக்குள்ளேயே உருகிப்போயிருக்கு.” “வெளியில சிரிச்சாலும் மனசு தாங்கேல்லைப் போல.” உங்களுக்கு மனம் உடைந்துவிட்டதாம்! பேப்பரை மடித்து மாமியின் மேசைக் காலுக்கு அடியில் ஆட்டம் நிற்பதற்கு வைத்தவர் நீங்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கானைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை.

ஒன்று மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. உங்களைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்ததும், பெண்கள் எல்லோரும் சுற்றி இருந்தார்கள். யாரும் தொடங்கவில்லை. ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி யாரையோ தேடினார்கள். எனக்கு விளங்கியது. அவர்கள் உங்களைத் தேடினார்கள். எந்தச் செத்த வீட்டிலும் முதல் வரியை எடுக்கிற ஆளைத் தேடினார்கள். ஆள் பெட்டிக்குள் இருந்தது. பிறகு, ஒன்றுபோல, எல்லாக் கண்களும் என்மேல் வந்து நின்றன. குரலில் உங்கள் சாயல் இருக்கிறதாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசியில் மாமிதான் தன் பிள்ளைக்குத் தானே தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு அந்த மனிதர் திரும்பவும் எழுதினார். இந்த முறை அரைப் பக்கம், உங்கள் படத்தோடு. அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்திருந்த அழுகையைக் கேட்க நாம் தவறிவிட்டோம் என்று எழுதியிருந்தார். “எனக்கு நான் வடிவு” என்பது தன்னை யாரும் வடிவென்று சொல்லாத ஒரு பெண்ணின் விம்மலாம். இந்தப் பாட்டை மெதுவாகப் பாடிப் பாருங்கள், அது ஓர் ஒப்பாரி என்பது புரியும் என்று வாசகர்களுக்கு வழி வேறு சொல்லியிருந்தார். பாண்காரன் வருவான் என்றேனே, வந்துவிட்டான். பாட்டின் முடிவில் தொலைவில் கேட்கிற பாண்வண்டியின் ஓசை, ஒரு சமூகத்தின் தீராத பசியின் குறியீடாம்! மச்சாள், மாலு பாண்! எண்ணெய் வடிகிற மாலு பாண்! நீங்கள் ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டீர்கள்!

யாரிடம் சொல்வது? நானாவிடம் சொன்னேன். இந்த முறை அவர் மேசையில் அடிக்கவில்லை. “உசிரோட இருக்கக்குள்ள வலி இல்லண்டு ஏசினாங்க. இப்ப மவுத்தானதும் வலிய அவங்களே கொண்டாந்து வச்சிட்டாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு கடையில் நீங்கள் இருந்து வேலை செய்த கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஊருக்கு அந்தக் கட்டுரை பிடித்துவிட்டது. எல்லோருக்கும் வசதியாக இருந்தது. நீங்கள் அவர்களை விட்டுப் போகவேயில்லை என்று ஆகிவிட்டது. பைலா பாடிய நாட்களிலும் உள்ளுக்குள் ஒப்பாரிதான் பாடினீர்களாம். பாட்டுக்குழு மாஸ்டர் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, முப்பத்தோராம் நாளுக்கு அந்த மனிதரையே பேசக் கூப்பிட்டார். சம்மாட்டி மண்டபச் செலவை ஏற்றுக்கொண்டார். தன் தாய்க்கு நீங்கள் பாடாததை இப்போது வட்டியோடு வாங்குகிறார் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது பாவமென்றால் பாவம்தான்.

மாஸ்டர் என்னை ஒத்திகைக்குக் கூப்பிட்டார். முதல் நாள் நான் பழக்கத்தில் கையைத் தட்டித் தொடங்கினேன். “என்ன பிள்ளை, இது கலியாண வீடா? கையை மடியில வை” என்றார். கையை மடியில் வைத்தேன். வயலின் அழுதது. “எனக்கு… நான்…” என்று இழுத்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு வள்ளம் போகலாம். பல்லுப் பாட்டு வேண்டாம், அது மரியாதையில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். என் குரல் எனக்கே நடுக்கத்தைத் தந்தது. ஏனென்றால் அது நன்றாக இருந்தது, மச்சாள். அழுகை வரக்கூடிய மாதிரி நன்றாக இருந்தது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “ஊருக்கு அடுத்த குரல் கிடைச்சிட்டுது” என்றார். அங்கேயிருந்த பெண்கள் என் தலையைத் தடவினார்கள். அவர்களுடைய கைகளில் வாளி இருந்த மாதிரியே எனக்கிருந்தது.

நேற்று ஒத்திகைக்கு மாமியைக் கூட்டிவந்து முன்கதிரையில் இருத்தினார்கள். நீங்கள் போன பிறகு மாமி அதிகம் கதைப்பதில்லை. நான் பாடினேன். முழுப் பாட்டையும், அவர்கள் சொன்ன மாதிரியே. மாமி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டார்:

“நல்லா இருக்கு. ஆரின்ட பாட்டு இது?”

எல்லோரும் அழத் தொடங்கினார்கள். பாவம், பெற்ற மனம் பேதலித்துப்போச்சு என்றார்கள். அம்மா மாமியின் தோளைப் பிடித்து, “மச்சாள், உங்கட மகள்ட பாட்டுத்தானே” என்றார். மாமி தலையை ஆட்டினார். “இல்லை. அவள் இப்பிடிப் படிக்கிறேல்லை. அவள் படிச்சா நான் குசினிக்குள்ள இருந்து கரண்டியால தட்டுவன்” என்றார். யாரும் அதைக் காதில் போடவில்லை. அழுகிற சத்தத்தில் கேட்டிருக்கவும் மாட்டாது. எனக்குக் கேட்டது. மாமிக்கு ஒன்றும் பேதலிக்கவில்லை. அந்த மண்டபத்தில் பாட்டைக் கேட்ட ஒரே ஆள் மாமிதான்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்: “அப்பா, நான் மச்சாள் படிச்ச மாதிரியே படிக்கட்டா? கை தட்டி?” அப்பா சைக்கிளை நிறுத்தினார். “சம்மாட்டி இருக்கிறார், பாதர் இருக்கிறார், கொழும்பில இருந்து ஆள் வருது. என்ட அக்காட வீட்டுத் துக்கத்தில நீ பைலா ஆடப்போறியா? என்னைத் தலைகுனிய வச்சியெண்டா, பள்ளிக்கூடமும் இல்லை, ஒண்டும் இல்லை. வாடிக்குப் போய்க் கருவாடு புரட்டு.” அப்பா சொன்னதைச் செய்வார். அவர் கை எப்படிப்பட்டது என்றும் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை எனக்கு விழவேண்டிய அடி உங்கள் தோளில் விழுந்திருக்கிறது.

இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் படிக்க வேண்டும், மச்சாள். உயர்தரப் பரீட்சை எடுக்க வேண்டும். கருவாடு புரட்டுவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது எனக்குத் தண்டனையாகக் கிடைக்கக்கூடாது.

மெதுவாகப் பாடினால் ஒரு கரைச்சலும் இல்லை. எல்லோரும் அழுவார்கள். அந்த மனிதர் என்னைப் பற்றியும் எழுதுவார். அப்பாவுக்கு வள்ளத்தில் மரியாதை. அடுத்த சாவுக்கு இரண்டு பெண்கள் தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்கள். “பிள்ளையை ஒருக்கா அனுப்புங்கோ.” நான் வெள்ளைச் சட்டையோடு போவேன். பிறகு அதற்கடுத்த சாவு. அவர்கள் புதைக்கிறது உங்களை மட்டுமல்ல என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் பயமாக இருந்திருக்கும், அந்த ஆட்டோ வாசலில் நின்றபோது. உங்கள் கை மாமியின் கதவு நிலையைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். ஆனால் குரல் நடுங்கவில்லை. எனக்குக் குரல் நடுங்கும், நிச்சயமாக நடுங்கும். ஆனால் உங்கள் பாட்டு குரலில் தொடங்குவதில்லையே. அது கைதட்டில் தொடங்குகிறது. கை நடுங்கினாலும் தட்டலாம். ஒருமுறை அந்தத் தாளம் விழுந்துவிட்டால் வயலினால் அதை இழுத்துப் பிடிக்க முடியாது. பைலாவை யாராலும் இழுக்க முடியாது. முன்கதிரையில் மாமி இருப்பார். கரண்டி இருக்காது. கை இருக்கும்.

உங்களிடமிருந்து எனக்கு வேறொன்றும் வரவில்லை. உங்கள் சட்டைகளை மாமி கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். போனை அடக்கத்துக்கு மறுநாளே யாரோ எடுத்துவிட்டார்கள். உங்கள் குரல் என் தொண்டையில் இருக்கிறதென்று அவர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. எனக்கு என் காதுகள் பெரிது, என் குரல் என்னுடையது. என்னிடம் இருப்பது அந்தத் தாளம். நீங்கள் என்னைப் பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்தியபோது என் உள்ளங்கையில் ஏறியது. இப்போதும் சூடாகத்தான் இருக்கிறது.

தட்டிப் பார்க்கிறேன். மேசையில், விரலால், மெதுவாக. மெதுவாகத் தட்டினால் அது வருவதேயில்லை, மச்சாள். கொஞ்சம் வேகமாக. இப்போது வருகிறது. பாண்காரன்கூட வருகிறான். எனக்குச் சிரிப்பும் வருகிறது, புகைக்குள்ளே, கண்ணில் தண்ணீரோடு. உள்ளங்கையால் ஒரேயொரு தரம், சரியாக, முழுதாக

சத்தமாகத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. கதவில் யாரோ தட்டுகிறார்கள். அப்பாவின் குரல்.

“ஆர் உள்ளுக்குத் தட்டுறது?”

நான்தா